‘சாப்பாடு நாங்கள் தருகிறோம்’ என்கிறவரிடம் சுவருக்கு எவ்வளவு கேட்பது?

வடகரப்பதி வண்ணம் எழுதியது:

வணக்கம். நான் சுவரோவியம் வரைகிறவள். வீடு வடகரப்பதிப் பக்கம். பெயிண்ட் வாங்குவது பொள்ளாச்சியில்; வேலை கிடைப்பது பாலக்காட்டிலும் கோயம்புத்தூரிலும். நான்கு வருடங்களாக இதுதான் பிழைப்பு. வரையத் தெரிந்த அளவுக்கு விலை சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன்.

கொல்லங்கோட்டுக்கு அருகில் ஒருவர் வயலோரமாகத் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார். நெல்லியாம்பதி மலை நேர் எதிரே நிற்கும் இடம். சாப்பாட்டுக் கூடத்தின் வெளிச்சுவர் 28 அடி நீளம், 11 அடி உயரம். பனைமரம், வயல், கொக்கு, பின்னால் மலை, ஓரத்தில் ஒரு காளை வண்டி. மூன்று மாதிரிகள் வரைந்து காட்டினேன், அதற்கே ஐந்து நாட்கள் ஆயின. மூன்றாவதைப் பார்த்ததும் எழுந்து நின்று, “இதுதான்” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் விலையைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவரே, “எல்லாம் சேர்த்து 25,000 வைத்துக்கொள்ளலாம் மோளே. சாப்பாடு நாங்கள் தருகிறோம். வருகிறவர்கள் எல்லாரும் இந்தச் சுவர் முன்னால் நின்று படம் எடுப்பார்கள், உனக்கும் பெயர் கிடைக்கும்” என்றார். “யோசித்துச் சொல்கிறேன் சேட்டா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் கணக்குப் போட்டேன். உதவியாளுக்கு நாளுக்கு 900 வீதம் 12 நாட்களுக்கு 10,800. பெயிண்ட், தூரிகை, மேல்பூச்சு 9,500. சாரம் வாடகை 3,000. போக்குவரத்து, சில்லறைச் செலவு 3,000. கூட்டினால் 26,300. அதாவது மாதிரி வரைந்த நாட்களையும் சேர்த்து நான் 17 நாட்கள் உழைத்து, கையிலிருந்து 1,300 ரூபாய் போட்டு அவருக்குச் சுவர் வரைந்து தர வேண்டும்.

அதே விடுதியில் சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவருக்கு நாள் கூலி 1,100. அவரிடம் யாரும் பேரம் பேசியதாகத் தெரியவில்லை. மாலையில் எண்ணிக் கொடுத்தார்கள்.

எவ்வளவு கேட்பது? கேட்டால் வேலை போய்விடுமா?

களியக்காவிளை எழுதியது:

ஒரு லட்சம் கேளுங்கள். அவர் 50 சொல்வார். 75-இல் முடியும். இதற்கு எதற்கு இவ்வளவு நீளக் கதை?

குமுளிக் கணக்கன் எழுதியது:

களியக்காவிளை அண்ணாச்சி சொல்வது மீன் சந்தைக் கணக்கு. மீனுக்கு அது சரிதான், இருட்டுவதற்குள் விற்காவிட்டால் நாறிவிடும். வரைகிற கை நாறாது.

நான் குமுளியில் ஏலக்காய் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குக் காய் அனுப்புகிற விவசாயிக்குக் கிலோவுக்குத் தன் அடக்க விலை என்ன என்பது மனப்பாடம். விலை விழுந்தால் எவ்வளவு நஷ்டம் என்று வாசலிலேயே சொல்லிவிடுவார். கலைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வருத்தப்படுவதற்குக்கூட அவர்களிடம் கணக்கு இல்லை. நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டீர்களே, அது நல்ல தொடக்கம். ஆனால் பாதியில் இறங்கிவிட்டீர்கள். உங்கள் கூலியை எங்கே எழுதினீர்கள்?

இப்படிப் பாருங்கள். வீட்டுச் செலவு மாதம் 30,000 என்றால் வருடத்துக்கு 3,60,000. போன், வண்டி, கணினி, மருத்துவக் காப்பீடு, தேய்ந்துபோகும் கருவிகள் என்று இன்னும் 60,000. ஆக 4,20,000. இதை எத்தனை நாட்களில் சம்பாதிப்பீர்கள்? 300 நாட்கள் என்று சொல்லாதீர்கள். சுவர் பார்க்கப் போகும் நாள், பேசிப் பேசியே முறிந்துபோகும் நாள், பாக்கிக்காக அலையும் நாள், காய்ச்சல், கல்யாணம், இவற்றுக்கெல்லாம் யாரும் காசு தரமாட்டார்கள். ஜூன், ஜூலை மழையில் நெல்லியாம்பதி அடிவாரத்தில் வெளிச்சுவர் வேலை நடக்குமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். காசு கேட்கக்கூடிய நாட்கள் 140 என்று வைப்போம். 4,20,000-ஐ 140-ஆல் வகுத்தால் 3,000. அதுதான் உங்கள் நாள் கூலி. 17 நாட்களுக்கு 51,000. கைச்செலவு 26,300. அடக்க விலை 77,300.

என் எண்களை எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு எண்களைப் போடுங்கள். அடக்கம் தெரியாமல் ஒரு லட்சம் கேட்கிறவர், எதிராளி முகத்தைச் சுளித்த உடனே 40,000-க்கு இறங்கிவிடுவார். தன் எண்ணில் அவருக்கே நம்பிக்கை இராது.

பழைய தூரிகை எழுதியது:

அம்மணி, நான் மீனாட்சிபுரத்துக்காரன். 40 வருடம் போர்டும் சுவரும் எழுதினேன். இப்போது கை நடுங்குகிறது, வாய் நடுங்கவில்லை. கணக்கர் தம்பி சொன்னது சரி. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதை ஒரு கதையாகச் சொல்கிறேன்.

ஒரு தேர்தல் சமயம். எங்கள் பக்கத்தில் ஒரே சுவரில் மேலே மலையாளம், கீழே தமிழ் எழுத வேண்டும். சுவர் வேலைக்குப் பொறுப்பாக இருந்தவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். நான் சதுர அடிக்கு இவ்வளவு என்றேன். “எழுத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்வோம், எண்ணுவது சுலபம்” என்றார். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினேன்.

ஒன்பது சுவர்களை முடித்துவிட்டுக் காசு வாங்கப் போனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு குச்சியால் சுவரைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார். புள்ளி வைத்த எழுத்து வந்ததும் குச்சி நின்றது. “மெய்யெழுத்துக்கு மாத்திரை அரை. இதற்கு அரைக் கூலி” என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிப்பே இல்லை. ‘வாக்களிப்பீர்’ என்று எழுதிப் பாருங்கள், ஒரே சொல்லில் மூன்று புள்ளிகள். ஏழு எழுத்து எழுதியவனுக்கு ஐந்தரைக் கூலி. மலையாளத்தில் கூட்டெழுத்து வந்தது. நான் இரண்டு என்றேன். “ஒட்டிப் பிறந்தால் ஒன்றுதான்” என்றார். நடு ரோட்டில் நின்று இலக்கணச் சண்டை போட்டோம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். கடைசியில் அவர் கணக்குப்படிதான் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்த மனிதர் ஏமாற்றுக்காரர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தாரோ அதையே எனக்கும் சொன்னார். எழுத்து என்றால் எது என்று தலையாட்டுவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டும்.

உன் விடுதிக்காரர் ‘சுவர்’ என்கிறார், ‘எல்லாம் சேர்த்து’ என்கிறார். சுவர் என்றால் எதுவரை? ஜன்னலின் உள்பக்கம் உண்டா? சுவர் திரும்புகிற முனை உண்டா? பக்கத்துத் தூணைக் காட்டி ‘இதில் ஒரு கொக்கு மட்டும்’ என்று பத்தாம் நாள் கேட்டால் அது எந்தக் கணக்கு? காளை வண்டிக்குப் பதில் யானை வேண்டும் என்றால்? அதுபோக, உன் பெயர். அது எங்கே, எந்த அளவில்? பெயர் கிடைக்கும் என்று சொன்னாரே, சுவரில் பெயர் இல்லாமல் எப்படிக் கிடைக்கும்?

பிளெக்ஸ் வந்தபோது அச்சு விலையைக் காட்டி எங்கள் கூலியை அடித்தார்கள். 2019-இல் கேரளத்தில் பிவிசி பிளெக்ஸுக்குத் தடை வந்ததும் பழைய நோட்டைப் புரட்டி எங்கள் போன் நம்பரைத் தேடினார்கள். அதற்குள் எங்களில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சமிருந்த என்னைப் போன்ற நாலைந்து பேர் சொன்ன விலை அந்த வருடம் நின்றது. திறமை கூடிவிட்டதால் அல்ல, ஆள் இல்லாததால். அதையும் தெரிந்து வைத்துக்கொள்.

செங்கோட்டை லென்ஸ் எழுதியது:

ஐயாவின் அரை மாத்திரைக் கதையைப் படித்துவிட்டு ஸ்டூடியோவில் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் கல்யாணப் போட்டோகிராபர். ஆரியங்காவு தாண்டிப் புனலூர் வரைக்கும், இந்தப் பக்கம் தென்காசி வரைக்கும் போவேன். என் அனுபவத்தில் விலையைவிடத் தவணைதான் முக்கியம். தேதி பிடிக்கும்போது ஒரு பங்கு, முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவு ஒரு பங்கு, ஆல்பத்தைக் கையில் கொடுக்கும் முன் கடைசிப் பங்கு. இரண்டாவது பங்கை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம் என்று பெருந்தன்மை காட்டினால் போச்சு. தாலி கட்டி முடிந்த பிறகு பந்திக்கு ஓடுவார்கள், போட்டோகிராபரை யார் பார்ப்பார்கள்?

பேசி முடித்தால் அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். பெரிய ஒப்பந்தம் எல்லாம் இல்லை. ‘வணக்கம் அண்ணாச்சி. இன்று நாம் பேசியபடி, இரண்டு கேமரா, ஒரு வீடியோ, 40 பக்க ஆல்பம் ஒன்று. படங்களைத் தேர்ந்தெடுத்துத் தந்த நாளிலிருந்து 45 நாட்களில் ஆல்பம். இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து தனிக் கட்டணம். ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.’ அவர் ‘சரி’ என்று ஒரு சொல் அனுப்பினால் போதும். தூங்கப் போகலாம்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. நான் எடுத்த படம் எனக்குத்தான் சொந்தம் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார் ஒரு வக்கீல் நண்பர். பொதுவாகப் படைத்தவர்தான் முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் காசு கொடுத்துக் கேட்டு எடுக்கப்பட்ட புகைப்படம், வரையப்பட்ட ஓவியம் அல்லது உருவப்படம் என்றால், வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை கேட்டவரே முதல் உரிமையாளர். ‘வேறு மாதிரி பேசிக்கொள்ளாதவரை’ என்ற இடத்தில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. தங்கச்சி, உங்கள் கொக்கை அவர் நாளை டீ ஷர்ட்டிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கலாமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

நகரித் தறி எழுதியது:

லென்ஸ் அண்ணா எழுதியதற்குத் தொடர்ச்சி. நான் நகரியில் விசைத்தறிக்காரர்களுக்குச் சேலைக் கரை, முந்தானை டிசைன் போட்டுத் தருகிறேன். வீட்டில் தமிழ், தறிக்கூடத்தில் தெலுங்கு. டிசைன் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாங்குவேன். ஒருமுறை நான் போட்ட மயில் கரை மூன்று தெரு தாண்டி வேறு ஒருவர் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. நிறம்கூட மாற்றவில்லை. கேட்டதற்கு, “மயில் உன் வீட்டு மயிலா?” என்றார்.

சண்டைக்குப் போகலாம் என்று விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒரு டிசைனைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதை வைத்து இயந்திரத்தில் 50 முறைக்கு மேல் பொருள் செய்துவிட்டால், அதன் பதிப்புரிமையே போய்விடுகிறது. 50 சேலை என்பது தறிக்கூடத்தில் எத்தனை நாள் கணக்கு என்று தறிக்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். பதிவு செய்தால் 10 வருடம் பாதுகாப்பு, மேலும் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் டிசைன் வெளியே போவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். மாதத்தில் 15 டிசைன் போடுகிறவள் ஒவ்வொன்றையும் பதிவு செய்துகொண்டிருக்க முடியுமா?

அதனால் நான் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு விலை சொல்கிறேன். இந்த டிசைனை நான் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்றால் ஒரு விலை. ஆறு மாதம் கழித்து வேறு ஊருக்கு விற்பேன் என்றால் அதில் பாதிக்குச் சற்று மேல். ‘குறைத்துக்கொள் அம்மா’ என்று யார் சொன்னாலும் இரண்டாவது விலையைக் காட்டுவேன். குறைக்கவும் செய்கிறேன், எனக்கு நஷ்டமும் இல்லை. முக்கால்வாசிப் பேர் பக்கத்துத் தெருக்காரரை நினைத்துக்கொண்டு முதல் விலைக்கே வந்துவிடுகிறார்கள்.

மேடைக்காரர் எழுதியது:

எல்லாரும் கலைஞர்களாகவே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் எதிர்ப் பக்கம். பாலக்காட்டில் கல்யாணம், கடைத் திறப்பு விழா என்று மேடை போட்டுத் தருகிற தொழில். வருடத்தில் ஐம்பது கலைஞர்களுக்காவது காசு கொடுக்கிறேன்.

நாங்கள் குறைத்துக் கேட்பது பெரும்பாலும் பழக்கதோஷம். கேட்டுப் பார்ப்போம், குறைந்தால் லாபம். அதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்டு முகம் சிவக்கிறவர்களைப் பார்த்தால் எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது. எங்களுக்கு உண்மையான பயம் தேதிதான். வெள்ளிக்கிழமை திறப்பு விழா என்றால் வியாழக்கிழமை இரவு போனை எடுக்காத ஓவியர் எனக்குச் செய்கிற நஷ்டம், அவர் கேட்கிற 10,000-ஐவிடப் பல மடங்கு. ‘இன்ன தேதிக்கு முடித்துத் தருவேன், நடுவில் இன்ன தேதியில் வந்து பாருங்கள், மழை பெய்தால் இத்தனை நாள் தள்ளும்’ என்று ஒருவர் தானாகச் சொன்னால் அவரிடம் நான் பேரம் பேசுவதில்லை. கலைஞர்கள் ஏனோ கலையைப் பற்றியே பேசுகிறார்கள். அது நன்றாக இருப்பதால்தானே கூப்பிட்டோம்.

எல்லை தாண்டிப் பொருள் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. சிலை, பெரிய பலகை, மேடைப் பொம்மை மாதிரி எது வந்தாலும் ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யாருடையது என்று முதலிலேயே பேசுங்கள். வேலை செய்யாமல் நின்று பார்த்ததற்கு வாங்குகிற நோக்குகூலிக்கு 2018 மே 1 முதல் கேரளத்தில் தடை. ஆனால் இறக்கினால் கூலி உண்டுதானே? பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் ஃபைபர் யானையைக் கொண்டுவந்து வாசலில் இறக்க ஆள் இல்லாமல், என்னைப் பார்த்துக்கொண்டு லாரியிலேயே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூலியை இருவருமே கணக்கில் எழுதவில்லை. கடைசியில் பாதிப் பாதி.

வடகரப்பதி வண்ணம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. என் வீட்டு எண்களைப் போட்டுப் பார்த்தேன். கணக்கர் அண்ணா சொன்ன 3,000-க்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பேசப் போகிறேன். இரண்டு சந்தேகங்கள். அவர் பில் கேட்டால் ஜிஎஸ்டி போட வேண்டுமா? இரண்டாவது, எண்ணைச் சொன்ன பிறகு அவர் பேசாமல் இருந்தால் என்ன செய்வது? எனக்கு அந்த அமைதி தாங்காது. நானே ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்’ என்று உளறிவிடுவேன்.

குமுளிக் கணக்கன் எழுதியது:

முதலாவதுக்குப் பதில். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. கோயம்புத்தூரில் வேலை செய்தால் மாநிலம் தாண்டிவிட்டது, உடனே பதிவு கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். சேவைகளுக்கு 2017 அக்டோபரிலேயே அதற்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். வரைந்த கேன்வாஸைப் பொருளாக மாநிலம் தாண்டி விற்றால் விதி வேறு, அப்போது ஒரு கணக்கரைப் பாருங்கள். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. வெறும் பில், பான் எண், வேலை விவரம், தொகை போதும்.

வேலை தருகிறவர் நிறுவனமாக இருந்தால் தொகையில் ஒரு பகுதியை டிடிஎஸ் (வருமான வரிக்கான முன்பிடித்தம்) என்று பிடித்துக்கொண்டு தரலாம். அது உங்கள் பணம்தான், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம் அல்லது திரும்ப வாங்கலாம். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் பிடிப்பார்கள்.

உத்யம் என்ற, சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள். இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே முடியும். 2006-ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவுள்ள குறுந்தொழிலிடமிருந்து வாங்குகிறவர், எழுத்தில் பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாட்களில், பேசாவிட்டால் 15 நாட்களில் காசு தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. வழக்குப் போட வேண்டிய அவசியமே வராமல் போகலாம். பில்லின் அடியில் உத்யம் எண்ணைப் பார்த்தாலே சில நிறுவனங்களின் கணக்குப் பிரிவு சுறுசுறுப்பாகிவிடுகிறது.

புத்தூர் மேளம் எழுதியது:

இரண்டாவதுக்கு நான் சொல்கிறேன் அம்மா. நான் தவில். புத்தூர், எலும்பு முறிவுக் கட்டுக்குப் பேர்போன ஊர். அதனால் விலை முறிந்துபோனாலும் கட்டிவிடுவோம்.

எங்கள் தொழிலில் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைப்பார்கள். வைக்கும்வரை தேதி யாருக்கும் சொந்தமில்லை. என் அப்பா தொகையைச் சொல்லிவிட்டு உடனே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவார். நரம்பு கிள்ளி, தடவி, மடித்து, வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தால் பிறகு பேச முடியாது. எதிரே இருப்பவர்தான் பேசியாக வேண்டும். நான் வெற்றிலை போடுவதில்லை, தண்ணீர் குடிக்கிறேன். ஒரு டம்ளர் தண்ணீரை எவ்வளவு மெதுவாகக் குடிக்கலாம் என்று பழகிப் பாருங்கள்.

மேடைக்காரர் சார் தேதியைப் பற்றிச் சொன்னதற்கு இன்னொரு பக்கம் உண்டு. தமிழில் ஆடி, மலையாளத்தில் கர்க்கடகம், தெலுங்கில் ஆஷாடம். எல்லையில் இருக்கிற எங்களுக்கு மூன்று மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வயிறு காய்கிறது. அப்போது வந்து பேசுகிறவர்களுக்கு நம் முகம் தெரிந்துவிடும். ஆவணிக்கான தேதியை ஆடியில் விலை பேசாதீர்கள். பேசித்தான் ஆக வேண்டும் என்றால் அச்சாரத்தைக் கூட்டி வாங்குங்கள், விலையைக் குறைக்காதீர்கள்.

களியக்காவிளை எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். தண்ணீர் டம்ளரை நானும் முயற்சி செய்கிறேன்.

வடகரப்பதி வண்ணம் எழுதியது:

போய்விட்டு வந்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய அறையில் மேஜைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் கட்டன் சாயா இரண்டு கிளாஸ். என் நோட்டில் சுவரை அளவோடு வரைந்து, உள்ளே வருவதைப் பச்சையிலும் வராததைச் சிவப்பிலும் தீட்டியிருந்தேன். ஜன்னல் உள்பக்கம் சிவப்பு, தூண் சிவப்பு. தொடங்கும் நாள், அவர் வந்து பார்க்கும் நாள், முடிக்கும் நாள், எல்லாவற்றையும் எழுதியிருந்தேன். அதை முழுவதும் பேசிய பிறகுதான் எண்ணைச் சொன்னேன். “88,000.” சொல்லிவிட்டு சாயா கிளாஸை எடுத்தேன். கொதிக்கிற சூடு. வாயில் வைக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் மனம் வரவில்லை. விரல் சுட்டது. ஊதிக்கொண்டே இருந்தேன். வெளியே யாரோ மோட்டார் போட்டார்கள், தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் ஒருவர் என் நோட்டைப் பார்த்து நான் கண்டதில்லை.

“இந்தச் சிவப்புத் தூணுக்கு எவ்வளவு?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு பேசினோம். அவரால் 60,000-க்கு மேல் முடியாது. அது பொய்யாகத் தெரியவில்லை, கட்டடக் கடன் பற்றிச் சொன்னார். முன்பாக இருந்தால் ‘சரி சேட்டா’ என்று அங்கேயே முடித்திருப்பேன். “60,000-க்கு இந்தச் சுவர் வராது, 60,000-க்கு எந்தச் சுவர் வரும் என்று பார்ப்போம்” என்றேன். வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத 8 அடியை நீக்கினோம். அங்கே காளை வண்டி இருந்தது, அதுவும் போனது. சாரம் அவருடையது. சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, பிரைமர் அடிப்பது அவருடைய பெயிண்டர் வேலை. தங்க ஓர் அறையும் சாப்பாடும் தருகிறார், அதனால் தினசரிப் போக்குவரத்து இல்லை. 12 நாள் வேலை 8 நாளாகிறது. உதவியாளுக்கு 7,200, பெயிண்ட் 6,500, போய்வர 600, ஆக 14,300. மாதிரி வரைந்ததையும் சேர்த்து 13 நாட்களுக்கு என் கூலி 39,000. கூட்டினால் 53,300. மீதம் 6,700. பாதி முன்பணமாக அங்கேயே போனில் அனுப்பினார்.

டீ ஷர்ட், கோப்பை விஷயத்தையும் கேட்டேன். அப்படி ஒரு யோசனையே அவருக்கு இல்லையாம். நான் கேட்டதும் கண்கள் விரிந்தன. லென்ஸ் அண்ணா, நானே எடுத்துக் கொடுத்துவிட்டேனோ என்று பயந்துபோனேன். விடுதியின் விளம்பரத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பொருளில் அச்சடித்து விற்றால் தனியாகப் பேச வேண்டும், ஓவிய உரிமை என்னிடம் இருக்கும் என்று எழுதி அனுப்பினேன். ராத்திரி 11 மணிக்கு ‘சரி’ வந்தது.

காளை வண்டியை நினைத்தால்தான் கொஞ்சம் வருத்தம். அந்தப் படத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

செங்கோட்டை லென்ஸ் எழுதியது:

உரிமையை முழுதாக எழுதிக்கொடுக்கும் நிலை எப்போதாவது வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். அது கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 வருடம் என்றுதான் எடுத்துக்கொள்ளும். ‘என்றென்றைக்கும்’ என்ற சொல்லைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நகரித் தறி எழுதியது:

காளை வண்டியை நீக்கியதுதான் எனக்குப் பிடித்தது. 88-ஐ 60 ஆக்கிவிட்டு வண்டியையும் சேர்த்து வரைந்து கொடுத்திருந்தால், அடுத்த முறை அவர் 88-ஐ நம்பமாட்டார். வண்டியை எனக்கு விற்றுவிடுங்கள், முந்தானையில் போட்டுக்கொள்கிறேன். இரண்டு விலைகளையும் சொல்லுங்கள்.

பழைய தூரிகை எழுதியது:

அம்மணி, பெயரை எங்கே எழுதப் போகிறாய்? எல்லாரும் போல வலது கீழ் மூலையில் எழுதிவிடாதே. அது வெளிச்சுவர். கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறிக்கும், முதல் மழையிலேயே பாசி ஏறிப் பெயர் போய்விடும்.

வடகரப்பதி வண்ணம் எழுதியது:

தரையிலிருந்து மூன்றடி மேலே, கொக்கின் காலடியில் ஐயா. தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று. என் பெயரில் ஒரே ஒரு புள்ளிதான்.